மலையை வலப்பக்கம் வைத்து ஓடிய பந்தயம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரு வருடங்கள் கழிந்திருந்த சமயம். வெளியூர்க் குழு ஒன்று எங்கள் ஊரில் சாகசப் பந்தயம் நடத்தியது. அணிக்கு நால்வர். கீழ்பென்னாத்தூரிலிருந்து சைக்கிள், வேங்கிக்கால் ஏரியில் லாரி டியூப்களைக் கட்டிய தெப்பம், அங்கிருந்து வயல்வழியே அடி அண்ணாமலை வரை ஓட்டம், முடிவில் செங்கம் சாலைப் பக்கம் ஒரு புளியந்தோப்பு. மாலை ஐந்து மணிக்குள் நால்வரும் ஒன்றாகத் தோப்பை அடைய வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்த அணி பந்தயத்தை முடித்ததாகக் கொள்ளப்படாது.

நான் அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனாயினும், நில வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துத் திசையும் தூரமும் கணிக்கக் கற்றிருந்தேன். அந்தத் துணிவில் வரைபடப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐம்பதை நெருங்கிவிட்ட எனக்கு அணியில் வேறு பயன் இல்லை என்பதும் உண்மை. மற்ற மூவரில் ஒருவர் வேர்க்கடலை பயிரிடும் விவசாயி, ஒருவர் உடற்பயிற்சி ஆசிரியை, ஒருவர் வேன் ஓட்டுநர்.

அடி அண்ணாமலையில் வயல்வழி கிரிவலச் சாலையைத் தொடும் இடத்தில் நாங்கள் வலப்புறம் திரும்பியிருக்க வேண்டும். தோப்பு அங்கிருந்து மூன்றே கிலோமீட்டர். வரைபடத்தில் அதைச் சிவப்பு மையால் நானே குறித்திருந்தேன். ஆயினும் நால்வரும் ஒரு சொல்லும் பேசாமல் இடப்புறம் திரும்பினோம். மலையை வலப்பக்கம் வைத்தே சுற்றிப் பழகியவர்கள் நாங்கள். பௌர்ணமிதோறும் நடந்த கால்கள் பழகிய திக்கில் போய்விட்டன. நானோ வரைபடத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன்.

இடப்புறமாய் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, குபேர லிங்கக் கோயில் கண்ணில் பட்டபோதுதான் வரைபடத்தை உருவிப் பார்த்தேன்.

"தப்பா வந்துட்டோம் டீச்சர். தோப்பு அந்தப் பக்கம். என் தப்புதான்" என்றேன்.

ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு சார். திரும்பி ஓடினா அஞ்சு கிலோமீட்டர்தான். தாராளமாப் போயிடலாம்."

விவசாயி அசையவில்லை. "நீங்க போங்க. மலைய இடப்பக்கம் வெச்சுக்கினு நான் நடந்ததே இல்ல. இன்னிக்கும் நடக்க மாட்டேன்."

"இன்னாண்ணா, நாலு பேரும் சேந்து போனாத்தான் கணக்குனு காலையிலேர்ந்து சொல்றாங்களே!" என்றார் ஓட்டுநர்.

"அதான், எல்லாரும் இப்படியே சுத்திப் போலாம்னு சொல்றேன்."

"இப்படியேவா? ஒம்போது கிலோமீட்டர்ணா! சாருக்கு முட்டி ஏற்கெனவே போச்சு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் எதிர்த்திசை என்பதை விவசாயியிடம் முன்னரே சொல்லாததும் என் பிழையே. அவரை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் இருந்த விதிமுறைத் தாளை அகராதியின் துணையோடு பலமுறை படித்திருந்தேன். வாகனம் ஏறக்கூடாது என்று அதில் இருந்தது. எப்பக்கமாக வர வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. "சுத்தியே போலாம்" என்றேன்.

விவசாயி தலைத்துண்டை அவிழ்த்து, ஒரு நுனியைத் தம் இடுப்பிலும் மறு நுனியை என் இடுப்பிலும் கட்டினார். அவர் இழுக்க, நான் நொண்டியபடி ஓடினேன். ஈசான்ய லிங்கத்தைக் கடந்து ஊருக்குள் புகுந்தோம். ராஜகோபுரத்தின் எதிரே பூ விற்ற அம்மாள் எங்கள் மார்பிலிருந்த எண்களைப் பார்த்துவிட்டு, "இன்னா, நம்பர் போட்டுக்கினு வேண்டுதலா? மலை எங்கயும் ஓடிப் போவாது, மெதுவாப் போங்க!" என்று கூவினார்.

"மலை போவாதும்மா, மணி போயிடும்!" என்றார் ஓட்டுநர், நிற்காமலே.

செங்கம் சாலையில் என் முழங்கால் மடங்க மறுத்தது. என்னால் மூவரின் ஒருநாள் உழைப்பும் வீணாகிவிடுமோ என்ற எண்ணமே வலியைவிடக் கனத்தது. துண்டு இறுகும்போதெல்லாம் விவசாயி திரும்பிப் பார்த்து ஓட்டத்தைத் தளர்த்துவார். அந்தப் பார்வையில் குறை கூறுதல் இல்லை என்பதை மெல்ல உணர்ந்தேன்.

தோப்பில் நடுவர்கள் எங்களுக்கு முதுகு காட்டி, எதிர்ப்பக்கச் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஆசிரியை கைதட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"எந்தப் பக்கமா வந்தீங்க?" என்றார் நடுவர் திகைத்து.

"எல்லாரும் வர்ற பக்கமாத்தான்" என்றார் விவசாயி.

நடுவர் விதிமுறைத் தாளை இருமுறை புரட்டினார். பிறகு எங்கள் நான்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பட்டியலில் கடைசி இடம். புளிய வேரொன்றில் சரிந்து அமர்ந்தேன். துண்டு இழுத்ததால் விவசாயியும் கூடவே அமர நேர்ந்தது.

"வழி மாத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"நாலு பேரு காலும்தான் சார் திரும்புச்சு. உங்க கால் மட்டுமா?"

வியர்வையில் ஊறிய முடிச்சு எவ்வளவு முயன்றும் அவிழவில்லை. மோர்ப்பானை இருந்த இடத்துக்கு இருவரும் கட்டுண்டபடியே நடந்து போனோம்.