உட்கார்ந்தால்தான் உயிர் ஏறும்

போன வாரம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் முன் சீட்டில் காரசாரமாகச் சண்டை. என்ன விஷயம்? எந்த ஆன்லைன் கேம் உசத்தி என்பதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்துக்குள் வாளும் கேடயமுமாகச் சுற்றுவார்களே, அந்த வகை.

“உன் கேம்ல அடிபட்டா குந்திக்கினு இருக்கணும்டி. பேஜாரு! இதுல ஆட்டோ போட்டுட்டா போதும். நாம தூங்கினாகூட நம்மாளு சண்ட போட்டுக்கினே இருக்கும்.”

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. இரண்டையும் பல வருடம் ஆடியவன் நான். (இந்த வயதில் கேமா என்கிறீர்கள்... சொல்லுங்கள்.)

பழைய கேமை எனக்குக் காட்டியவன் கபீர். கோட்டக்குப்பத்துக்காரன், காலேஜில் என் பெஞ்ச். படிப்பு முடிந்து அவன் வளைகுடாவுக்குப் போனான்; நான் விழுப்புரத்தில் ஆபீஸுக்கு. தினமும் கேமுக்குள்தான் சந்திப்பு. அதில் அடிபட்டால் உடனே உயிர் ஏறாது. மரத்தடியில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்து என்ன செய்வது? பேசுவோம். அவன் ரூமில் யார் குறட்டை, என் மகளுக்கு என்ன காய்ச்சல், அவன் அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு... எல்லாம் அந்த மரத்தடியில்தான்.

எனக்குப் போரடித்தது. புது கேமுக்கு மாறினேன். படம் பிரமாதம், உட்காரும் வேலையே இல்லை. கபீரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

“இங்க யாருமே நிக்க மாட்டேன்றாங்களே மச்சி. யார்கிட்ட பேசறது?” என்றான்.

“மொதல்ல லெவல் ஏத்துடா” என்றேன்.

ஆபீஸில் ஆட்டோவைப் போட்டு, சார்ஜரோடு போனை டிராயருக்குள் தள்ளிவிடுவேன். அழைப்பு வந்தால் ஆட்டோ நின்றுவிடும். அதனால் யாருடைய அழைப்பும் வராதபடி செய்துவைப்பேன். என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிராயரைத் திறந்தேன். என் ஆள் காட்டுப்பன்றிகளை வெட்டிக்கொண்டிருந்தான். சாட்டில் கபீர், மதியத்திலிருந்து.

“மச்சி, போன் போகல. இருக்கியா?”

“அம்மா மவுத்தாயிட்டாங்கடா. அஸர் தொழுக முடிஞ்சு நாலரைக்கு அடக்கமாம். டிக்கெட் கெடைக்கல.”

“கேம்ல உன் பக்கத்துலதான் நின்னுக்கினு இருக்கேன். நீ ஆடறது தெரியுது. ஒரு வார்த்த பேசேன்.”

“சரி. பிஸியா இருக்க போல.”

விழுப்புரத்திலிருந்து கோட்டக்குப்பம் ஒரு மணி நேர பஸ் தூரம்தான். அவனுக்குப் பதிலாக நான் போய் நின்றிருக்கலாம். சாட்டைப் படித்தபோது அடக்கம் முடிந்திருந்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

உடனே கூப்பிட்டு, ஆட்டோ, டிராயர் என்று ஏதேதோ விளக்கினேன். “புரியுதுங்க” என்றான். இருபது வருடப் பழக்கத்தில் முதல் ‘ங்க’. அதன்பிறகு இரண்டு கேமிலும் அவன் தலை தெரியவில்லை.

விழுப்புரம் வந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்ட ஆட்டோ கட்சிப் பெண் திரும்பினாள்.

“நீங்களும் ஆடுவீங்களா சார்? எது பெஸ்ட்டு, நீங்களே சொல்லுங்க!”

“உட்கார வைக்கிறது” என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

பழைய கேமில் என் ஆள் இப்போது தினமும் அந்த மரத்தடியில்தான் இருக்கிறான் — உயிர் எப்போதோ முழுசாக ஏறிவிட்டது, எழுந்திருக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.