சுங்க அதிகாரியின் தாயம்

தெருவுக்கு இரண்டு பிரௌசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் சாரம் பகுதியில் தையல்கார அக்கா ஒருவர் வீட்டில் கூடுவோம். துணி வெட்டும் மேசையைச் சுற்றி நாலு பேர். அக்கா, பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒருவர், என் நண்பன், நான்.

ஆட்டம் இதுதான்: ஆளுக்கொரு வேஷம். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்பார்கள். குதிக்க முடிந்ததா, கால் உடைந்ததா என்பதைப் பகடை சொல்லும். மற்றதெல்லாம் பேச்சு. கதை நடத்துவது நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு சோப்புக் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த என் வாய்க்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்த மேசைதான். வாரம் முழுக்க எங்கெங்கோ கேட்ட பேச்சையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்து அங்கேதான் கொட்டுவேன்.

ஆட்டத்தின் சட்டப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. நண்பனுடைய அத்தைமகன் பாரீஸிலிருந்து கொண்டுவந்தது. நண்பனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு வரும். அவன் படித்துச் சொல்வான், நான் அதைக் கதையாக்குவேன். பகடையில் ஒன்று விழுந்தால் நாசம் என்று அவன்தான் படித்துக் காட்டினான். தன் ஆளைப் பற்றி ஆட்டக்காரர் வாயால் சொல்லிவிட்டால் அது நடந்தது நடந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அவன்தான் படித்துக் காட்டினான். இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினத்தன்று, அவன் வீட்டில் விருந்து. உறவுக்காரர்கள் நிறையப் பேர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் பாருங்கள், தெருவுக்குத் தெரு இந்த ஆட்டத்துக்கு மேசை போடுவார்கள் என்று அவன் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் குறுக்கே வந்தான்.

"இதுக்கா? கம்ப்யூட்டர்ல சுட்டா ரத்தம் தெறிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. இவன் வாயாலயே தெறிக்க வெப்பானாம். ரெண்டு வருஷத்துல இந்த ஆட்டம் காலி, தக்கோர்? மிச்சம் இருக்கப்போறது இவன் வாய் மட்டுந்தான்."

சரி என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'தக்கோர்' என்பது அவன் பழக்கம். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பட்டாணி என் மடியில் உருண்டது. அதைப் பொறுக்கித் தட்டில் போட்டபோதே முடிவு செய்துவிட்டேன், இவனை விடுவதில்லை என்று.

கொஞ்ச நாளில் முதலியார்பேட்டையில் கம்ப்யூட்டர் கேம் கடை போட்டான். போகும்போது புத்தகத்தையும் பகடைகளையும் எடுத்துக்கொண்டான். "உங்களுக்கு எதுக்கு? படிக்கவா தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு மேசை வெறுமையாக இருந்தது. அக்கா உள்ளே போய் பித்தளைத் தாயக்கட்டை இரண்டைக் கொண்டுவந்து போட்டார். "புத்தகம் போனா போவுது. பேச்சையா தூக்கினு போயிட்டான்?"

அன்றைக்கே புதுக் கதை ஆரம்பித்தேன். எங்கள் ஊரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம்; பிரெஞ்சு எல்லையைத் தாண்டிச் சரக்குக் கடத்தும் கும்பல். அவர்களைப் பிடிக்க ஒரு சுங்க அதிகாரி. தொப்பை, கொஞ்சம் சாய்ந்த நடை, வாக்கியத்துக்கு வாக்கியம் தக்கோர். அவன் முதல்முறை வாய் திறந்ததும் லேத்காரர் குடித்த டீயைத் துப்பிவிட்டார். அந்த அதிகாரியை வாரம் தவறாமல் சேற்றில் விழ வைத்தேன், மாட்டுவண்டிக்கு அடியில் ஒளிய வைத்தேன், லஞ்சமாக வாங்கிய கருவாட்டை நாய் கவ்விக்கொண்டு போக வைத்தேன். துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் ரவிக்கையை மறந்துவிட்டு நின்று கேட்டார்கள். சாரத்துக் கடைகளில் தக்கோர் என்றாலே சிரிப்பு.

செய்தி அவன் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு ஞாயிறு வந்து வாசலில் நின்றான்.

"எனுக்குப் பதிலா நீ எதுக்குப் பேசற? அந்த ஆளை நானே ஆடறேன்."

இதற்காகத்தானே காத்திருந்தேன்? "உட்காரு. எங்க சட்டம் கொஞ்சம் மாறிப்போச்சு, சொல்லட்டா?"

"எனுக்கே சட்டம் சொல்றியா? ஒனக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான்டா."

சரி, சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், நன்றாக ஆடினான். கும்பலைச் சவுக்குத் தோப்புவரை துரத்தினான். நெற்றியில் வியர்வை. கடைசியில் அக்காவின் ஆள் அவனைக் கிணற்றில் தள்ளிவிட, அதிகாரி பாதிக் கயிற்றில் தொங்கினார். "உருட்டு" என்றேன்.

உருட்டினான். ஒரு கட்டை வெறும் முகம், மற்றதில் ஒற்றைப் புள்ளி. அவன் முகம் செத்தது.

"ஐயோ, ஒண்ணு! போச்சுடா. கயிறு அறுந்துச்சு, செத்தேன்."

லேத்காரர் மேசையைத் தட்டினார். "யோவ், தாயம்யா! இங்க தாயம் வுழுந்தா பொழைச்ச!"

"பொழைச்சிட்டேனா?" என்று எழுந்தேவிட்டான்.

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். மெதுவாகத்தான் குடித்தேன்.

"இப்ப இன்னா சொன்ன?"

"செத்தேன்னு... டேய், அது தெரியாம சொன்னதுடா."

"வாயால சொன்னா நடந்தது நடந்ததுதான். யாரு படிச்சுக் காட்டின சட்டம்?"

"தாயம் வுழுந்திருக்குடா!"

"வுழுந்துது. கூடவே நீயும் வுழுந்துட்ட."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பொணம் எழுந்து கேஸ் நடத்துது, பாரேன்" என்றார்.

அவன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். "அவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுடா. சின்னதுக்கு இன்னும் கல்யாணமாவல."

கதையில் அப்படி எந்தப் பெண்ணும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவன் பெற்றவை. வாயால் ரத்தம் தெறிக்காது என்றவன், வாயாலேயே ஓர் ஆளுக்குக் குடும்பம் உண்டாக்கி, அவன் உயிருக்காகக் கெஞ்சினான். அவன் அத்தை அங்கே இல்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

"அந்தப் பொண்ணுங்க அடுத்த வாரம் அப்பாவைத் தேடினு வருவாங்க" என்றேன்.

"நான் வரட்டா?"

"வா. உட்கார்ந்து பாக்கலாம். ஆட சீட்டு இல்ல."

வந்தான். வாரக்கணக்கில் சுவரோரம் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் கிணற்றடியில் அழுததைக் கேட்டான். நன்றாக அழ வைத்தேன்.

தெருவுக்குத் தெரு மேசை போடுவார்கள் என்று சொன்னேனே, அது நடக்கவில்லை. சாரத்தைத் தாண்டி யாரும் போட்டதாகத் தெரியாது. அவன் கடையும், வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் ரீசார்ஜ் கடையாகிவிட்டது. அந்த வழியாகப் போகும்போது தேவையே இல்லாமல் சைக்கிள் மணியை அடிப்பேன். அந்தக் கடைக் கம்ப்யூட்டர்களில் சுடப்பட்டுச் செத்தவர்களுக்காக இதுவரை யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஓர் ஆட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

இப்போதும் மீன் மார்க்கெட்டில் கண்டால் பையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பான்.

"வயசாயிடுச்சு நமக்கு. இப்பவாவது ஒத்துக்கோயேன். அந்தத் தாயம் செல்லுந்தானே?"

"செல்லாது" என்பேன். வஞ்சிரம் விலை கேட்கத் திரும்பிக்கொள்வேன்.