எர்த் கம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

நேற்றுப் பழைய இரும்புக் கடையில் ஒரு வால்வு ரேடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சூடேறிய தூசி வாசம் மூக்கில் ஏறியதும், ஐந்தாவதோடு படிப்பை விட்டு இன்று ஆறு போர்வெல் ரிக் வண்டிக்கு முதலாளியாக இருக்கும் நான், நினைவில் மறுபடி சிறுவனாகி, புதுச்சத்திரம் சேகோ மில்லை, அந்த ஜவ்வரிசி ஆலையை, ஒட்டிய டீக்கடையில் போய் நின்றேன். மில் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம்.

இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்த மாமா, அந்த வாரம் இலங்கை வானொலி நேயர் விருப்பத்தில் அம்மா பெயரை வாசிப்பார்கள் என்று எழுதியிருந்தார். டீக்கடை ரேடியோவின் எர்த் கம்பி புதைத்த மண் ஈரமாக இருந்தால் தூரத்து ஸ்டேஷன் கேட்கும் என்று, மில் வேலை முடிந்ததும் அம்மா அதில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். கரகரப்புதான் வரும், அதற்குள் கடைசி பஸ்ஸும் வந்துவிடும்.

"ஏனுங்க, இன்னொரு குடம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்துனா சேறுதான் அக்கா வரும். பொழுது உளுவோணும்" என்றார் கடைக்காரர்.

பகலில் அந்த ரேடியோவின் மீடியம் வேவ் அலையை வானம் விழுங்கிவிடும், இருட்டினால் திருப்பி அனுப்பும். அதனால்தான் இன்றைய எஃப்.எம். கொல்லிமலையோடு நின்றுவிட, அது கடல் தாண்டி வந்தது. எந்த இன்ஜினியரும் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை அம்மா பஸ்ஸைப் போகவிட்டாள். பொழுது விழுந்தது, இரைச்சல் மெல்ல விலகியது, "புதுச்சத்திரம் திருமதி மாராயி அவர்கள்" என்றது ஒரு குரல். மில்லில் அவளை எல்லோரும் 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாலு மைல் நடந்தோம். ஒவ்வொரு மைல்கல்லிலும் நின்று என்னிடம், "சாமி, எப்படிச் சொன்னாங்க, இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.