டெலிபோன் அக்கா திருகிய குமிழ்

என் அம்மாவின் தம்பி பெங்களூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது, வீட்டில் எல்லாரும் அதைக் கிரைண்டர் என்றுதான் நினைத்தோம். கோயமுத்தூரில் ஒரு மனிதன் அவ்வளவு கனமான சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேறு என்னவென்று நினைப்பது? ஆட்டோக்காரர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. "ஏன் தம்பி, நம்மகிட்டதான் ஒண்ணு நல்லா ஓடிட்டு இருக்குதே, எதுக்கு இன்னொண்ணு?" என்று அம்மா கேட்டார். மாமா சுற்றியிருந்த போர்வையை விலக்கினார். உள்ளே கறுப்புப் பெட்டி, முன்னால் வலைத்துணி, மேலே வரிசையாக ஆறு குமிழ்கள். கிடாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபையராம். இதில் மாவு அரைக்க முடியாது என்று தெரிந்ததும் அம்மா சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் நாங்கள் இருந்தோம். பின் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தோம். மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறை மாமாவுடையது. மாமா பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு மொபெட்டில் வந்து இறங்குவார், கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவுவார், காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு மாடியேறிவிடுவார். பின்னாலேயே நானும் ஏறுவேன்.

அந்தப் பெட்டி ரேடியோ மாதிரி போட்டதும் பாடாது. அதற்கு இரண்டு சுவிட்சுகள். முதலாவதைப் போட்டால் பின்பக்கம் வால்வுகள் மெல்லச் சிவக்கும். அவை சூடேறக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் இரண்டாவதைப் போட வேண்டும். அதற்குப் பிறகு மாமா கிடாரின் ஒரே ஒரு கம்பியைத் தொட்டாலும் போதும், தரை அதிர்வது என் உள்ளங்காலில் தெரியும். கெய்ன் என்று எழுதிய குமிழ்தான் அதில் ராஜா. அதைக் கூட்டக் கூட்டச் சத்தம் கரகரக்கும், இன்னும் கூட்டினால் உறுமும். "இது மொளகாப்பொடி கண்ணு. கொஞ்சமாப் போட்டா கொழம்பு, அள்ளிப் போட்டா இது" என்று சொல்லி மாமா ஒரு உறுமு உறுமவிடுவார். கீழே அம்மா கிரைண்டர் போட்டால் அறையில் பல்பு மங்கும், உறுமலும் சற்று இளைக்கும். அப்போதெல்லாம் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

அவருக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது. மனதுக்குள் அது கேட்கிறது, பெட்டியில் வரமாட்டேன் என்கிறது என்பார். தினமும் குமிழ்களை இப்படியும் அப்படியும் திருகி, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குறித்துவைப்பார். 'கெய்ன் மூணு மணி, பேஸ் நாலு மணி, மிடில் ஏழு மணி.' குமிழில் இருக்கும் வெள்ளைக் கோட்டைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணி என்றால் முழுக்க மூடியிருக்கிறது என்று பொருள். மிடிலை மாமா எப்போதும் ஏழு மணியிலேயே வைத்திருந்தார். அடியில் பேஸின் இடி, மேலே ட்ரெபிளின் மின்னல், நடுவில் எதற்கு வெட்டிச் சத்தம் என்பது அவர் கட்சி.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் உண்மை சொல்ல ஆள் இல்லாததுதான் அவருடைய பெரிய கஷ்டம். எங்கள் பக்கம் ஒருவர் முகத்துக்கு நேரே நன்றாயில்லை என்று சொல்வதும் அவரைக் கைநீட்டி அடிப்பதும் ஒன்றுதான். அப்பாவைக் கேட்டார். "அருமையா இருக்குது மாப்ளே" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். எதிர்வீட்டு வாசலில் இஸ்திரி போடுபவர், "நல்லா இருக்குதுங்க தம்பி, ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். அவர் காதில் பஞ்சு இருந்ததை நானே பார்த்தேன். என்னைக் கேட்டால் கேட்கவே வேண்டாம். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் முதலில் 'ஆமாங்க' சொல்ல வேண்டும், மிச்சத்தை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான்.

அப்படியிருந்த வீட்டில்தான் பின் போர்ஷனுக்கு டெலிபோன் அக்கா குடிவந்தார். வால்பாறைக்காரர். அவருடைய அப்பா அங்கே எஸ்டேட் ஆபீசில் கிளார்க். இவருக்கு இங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் வேலை. துணைக்குத் தன் அம்மாவை அழைத்து வந்திருந்தார். வந்த நான்காம் நாளே மாடிப்படியில் ஏறிவந்து கதவருகே நின்றார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. கேக்க முடியலீங்க."

மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்தாறு வயதுவரை அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. "சத்தத்தைக் கொறைக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"சத்தம் இருந்துட்டுப் போகட்டுமுங்க. நாங்க நாளு பூரா காதுல போனை மாட்டிட்டு உக்காந்திருக்கறவங்க. லைன்ல எத்தனை எரைச்சல் இருந்தாலும் மனுசன் பேசறது புரியறது நடுவுல இருக்கற சத்தத்துலதானுங்க. உங்களுதுல அடி இருக்குது, நுனி இருக்குது, நடுவே இல்லீங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. டெலிபோனுக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரிடமும் கேட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வாசித்துப் பழகப் போனவர் வேறு ஆளாகத் திரும்பிவந்தார். டிரம்ஸ் ஆரம்பித்ததும் அவர் கிடார் காணாமலே போய்விட்டதாம். கையசைவது தெரிகிறதே தவிர ஒன்றும் கேட்கவில்லை என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். நேராக மாடியேறி மிடிலைக் கூட்டினார். முதல்முறையாக அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே பாடியது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அக்கா வந்தார். இப்போது பரவாயில்லை என்றார். "கொஞ்சம் தள்ளுங்க" என்று தானே குனிந்து குமிழை இரண்டு மணிக்குத் திருகினார். மாமா வாசித்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதானுங்க" என்றார். மாமா நோட்டில் 'மிடில் ரெண்டு மணி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் நான் மேலே போனபோது மிடில் மறுபடி ஏழு மணியில் இருந்தது. ஆறு மணிக்கு அக்கா படியேறி வந்தார். "ஏனுங்க, மறுபடியும் நடுவைக் காணோம்?" "அப்படீங்களா, நான் கவனிக்கலீங்க" என்றார் மாமா. அக்கா குனிந்து திருகினார். மறுநாளும் ஏழு மணி, மறுநாளும் அக்கா, மறுநாளும் "அப்படீங்களா." ஒரு மாதம் இதே கூத்து. போகப் போக அக்கா டியூட்டி முடிந்து முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு குறை சொல்ல வந்தார். ஒருமுறை ஊருக்குப் போய்வந்தவர் பொட்டலத்தில் எஸ்டேட் தேயிலை கொண்டுவந்து கொடுத்தார். திருகிவிட்டு உடனே இறங்குவதும் நின்றுபோனது. டிரங்க் கால் போட்டுக்கொடுத்ததும் லைனில் யார் யார் எப்படியெல்லாம் அழுவார்கள், எப்படிச் சண்டை போடுவார்கள் என்று அக்கா பேசிக்காட்டுவார். மாமா கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்பார்.

படிக்கிற உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். மாமாவுக்கு வேண்டிய சத்தம் கிடைத்துவிட்டது. இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் ஆறு மணிக்குப் படியில் கேட்கும் அந்தச் செருப்புச் சத்தம்தான். ஒன்பது வயது மண்டைக்கு இது ஏறவில்லை. எனக்கு மாமாவை நினைத்து அவமானமாக இருந்தது. ஒரு குமிழை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதருக்கு எப்படி பம்புசெட் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள்? எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் கத்திவிட்டு வருகிற அக்காவைத் தினமும் இத்தனை படி ஏறவைப்பது பாவமில்லையா?

ஆகவே நானே ஒரு வழி செய்தேன். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நோட்டில் இரண்டு கோடு போட்ட பக்கத்தைப் பார்த்து, ஆறு குமிழுக்கும் அதில் எழுதியிருந்த இடத்தில் ஆறு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். எல்லாக் கோடுகளையும் பொட்டுக்கு நேரே திருப்பிவைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஆறு மணி ஆகப்போகும்போது கீழே பின் போர்ஷன் வாசலுக்கும் போனேன். அக்கா அப்போதுதான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்திருந்தார்.

"நீங்க இனி மேல ஏறி வர வேண்டாமுங்கக்கா. நான் பொட்டு ஒட்டி வெச்சுப்போட்டேன். மாமாவுக்கு மறக்காதுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். "வர வேண்டாம்னு உங்க மாமா சொல்லச் சொன்னாரா கண்ணு?"

"ஆமாங்க" என்றேன்.

பழக்கதோஷம்தான், வேறொன்றும் இல்லை. பெரியவர் ஒருவர் கேட்டார், வாய் முந்திக்கொண்டது. என்னை அந்த இடத்திலேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாமா பொட்டுகளைப் பார்த்துச் சிரித்தார். "அழகா ஒட்டியிருக்கற அம்மணி" என்றவர், மிடிலை மட்டும் பொட்டை விட்டு ஏழு மணிக்குத் தள்ளினார். ஆறு மணி ஆனது, ஆறரை ஆனது, படியில் யாரும் வரவில்லை. மறுநாள் கெய்னையும் ட்ரெபிளையும் முழுக்கக் கூட்டினார். தெருநாய்கள் கூட எழுந்து போய்விட்டன. அக்கா வரவில்லை. ஒரு வாரம் அப்படி வாசித்தார். வீட்டில் எல்லாருக்கும் தலைவலி. இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொன்னோம்.

எட்டாம் நாள் காலையில் மாமா தண்ணீர்க் குழாயடியில் அக்காவைப் பார்த்துவிட்டார். நான் பல் விளக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "சாயங்காலத்துல சத்தம் ரொம்பத் தொந்தரவுங்களா?" என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அக்கா குடத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க. நல்லா இருக்குதுங்க" என்றார்.

மாமாவின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. உள்ளதைச் சொல்ல அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரும் இஸ்திரி போடுபவர் மாதிரி மரியாதையாகப் பேசிவிட்டார். ஏன் வருவதில்லை என்று மாமா கேட்கவில்லை. ஏன் வரவேண்டாம் என்று சொன்னீர்கள் என்று அக்காவும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை அல்லவா? எங்கள் ஊர் மரியாதையை நினைத்தால் சில சமயம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு மாதத்தில் அக்கா வால்பாறைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். சாமான்களை ஏற்றிய டெம்போ வாசலில் நின்றது. அப்பா வழியனுப்பினார், அம்மா குங்குமம் கொடுத்தார். மாமா பீரோவை ஏற்றிவிட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ஓரமாக நின்றார். "போயிட்டு வாரேனுங்க" என்று அக்கா எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "சரீங்க, பாத்துப் போங்க, மலைப்பாதை" என்றார் மாமா. டெம்போ திரும்பி மறைந்தது.

மாமா மாடிக்குப் போனார். நானும் போனேன். முதல் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிடாரைக் கையில் எடுத்தார். வால்வுகள் சிவந்து வெகுநேரம் ஆகியும் இரண்டாவது சுவிட்சைப் போடவில்லை. எனக்கு அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் போல இருந்தது.

"இனி யாரும் மேல ஏறி வந்து கொறை சொல்ல மாட்டாங்க மாமா" என்றேன். "வர வேண்டாம்னு நான்தான் அந்தக்காகிட்டச் சொன்னேனுங்க."

"என்ன சொன்ன கண்ணு?"

ஒன்று விடாமல் சொன்னேன். பொட்டு ஒட்டியதைச் சொன்னேன், படியில் வைத்துச் சொன்னதைச் சொன்னேன். "மாமா சொல்லச் சொன்னாரான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்று பெருமையோடு முடித்தேன்.

மாமா கிடாரை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு என் தலையில் கைவைத்து, "நல்ல காரியம் செஞ்ச அம்மணி" என்றார்.

நான் குதித்துக்கொண்டு படியிறங்கினேன். மாமா என்னை மெச்சினார் என்று அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், மறுநாள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமும் சொன்னேன். எங்கள் வீட்டில் யார் எதற்காக நல்லது என்று சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று மாடியிலிருந்து சத்தமே வரவில்லை. மாமா களைத்துப்போய்த் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.