கணவாயின் குட்டைக் கால்

இதை எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்தது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. ஓ லெவலோடு படிப்பை நிறுத்தியவள் நான், எனக்கு எழுத்து வராது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம், இதற்குள் என்னுடைய பொய் ஒன்று இருக்கிறது. இந்தத் தவக்காலத்திலும் தள்ளிப்போட்டால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க ஏலாது என்று பட்டது. எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் இரண்டு அறைகளில் இருந்தோம். தம்பி இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டான். அவனை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மாவும் அங்கேயே தங்கிவிட்டார். என்னைப் பார்த்துக்கொண்டவர் சித்தி, அம்மாவின் தங்கை. முகத்துவாரத்தில் கடற்தொழில் செய்கிற ஒருவரைக் கட்டிப் போனவர், முந்திய வருடம் ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் திரும்பி வந்திருந்தார். ஏன் வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைத் தொடக்கூடாது என்பது மட்டும் தெரியும்.

தம்பி மூக்கில் போட்டிருந்த குழாயைப் பிடித்து இழுத்துக் கழற்றிக்கொண்டே இருந்தான். அதன் வழியாகத்தான் அவனுக்குப் பால் போனது. ‘கையில் பிடிக்க மெத்தென்று ஏதாவது கொண்டுவாருங்கள், கொதிநீரில் கழுவியதாக இருக்கட்டும்’ என்று தாதி சிங்களத்தில் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

சித்தி ஒரு நிமிடம்தான் யோசித்தார். “பேய்க்கணவாய் ஒண்டு பின்னுவம் அத்தான். எட்டுக் கால். எந்தப் பக்கம் கை போனாலும் ஒண்டு அம்பிடும்.” ஆக்டோபஸைத்தான் எங்கள் பக்கம் பேய்க்கணவாய் என்போம்.

“செபமாலை சொல்லுற வீட்டில, பிள்ளைக்குப் பேயைப் பின்னிக் குடுக்கப்போறாய்!” என்றார் அப்பா. பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

“அப்ப வெறும் கணவாய் எண்டு சொல்லுங்கோ. அது கோவிக்காது.”

சித்தி ஒரு நேர்த்தி வைத்தார். ஒவ்வொரு காலுக்கும் குரோஷே ஊசியால் ஐம்பது கண் போடுவது, கண்ணுக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வது. அப்படியானால் ஒரு கால் ஒரு முழுச் செபமாலை. மறுநாள் காலையில் பார்க்கும்போது தகரப் பெட்டி திறந்திருந்தது, அவர் மடியில் இளமஞ்சள் நூல் ஒரு பந்து இருந்தது. நூல் முழுக்க நெளிநெளியாக இருந்தது.

“இதென்ன சித்தி, நூடில்ஸ் மாதிரி?”

“பழைய நூல், பிள்ளை. பின்னப் பின்ன நேராகும்.”

தலையும் ஏழு கால்களும் இரண்டு நாளில் முடிந்தன. எட்டாவது காலுக்கு ஊசியை என் கையில் தந்தார். “தம்பிக்கு அக்கான்ர கையாலயும் ஒண்டு இருக்கோணும். செபத்தை விட்டிடாத.”

பத்துக் கண் வரைக்கும் ஒழுங்காக எண்ணித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடியது. ஒரு சிக்ஸருக்கு அவர்கள் கத்தியதில் எண்ணிக்கை போனது, செபம் மட்டும் வாயில் ஓடியது. போட்டி முடியும்போது காலையும் முடித்து முடிச்சுப் போட்டுவிட்டேன்.

“ஐம்பதும் போட்டனியோ?”

“ஓம் சித்தி.”

“செபமும்?”

“ஓம்.”

செபமாலை மணிகளைத் தள்ளுவது போல அவர் விரல் அந்தக் காலில் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். அதையும் உடம்போடு வைத்துத் தைத்தார். முப்பத்து நான்கு கண். அவர் திரும்பிய நேரம் நானே எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

கணவாய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மிச்சப் பதினாறு செபத்துக்காகத் தம்பி செத்துப்போவான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போது மேசைக்குக் கீழே விரல்விட்டுப் பதினாறு சொன்னேன். காணாதோ, போதாதோ என்று இன்னொரு பதினாறு. பொய் சொன்ன வாயால் சொல்வது ஏறுமோ என்று பிறகு அழுதேன்.

மூன்றாம் நாள் அப்பா சாப்பாட்டுக் கூடையோடு வந்து கதவிலேயே நின்று சொன்னார். “குழாயை விட்டிட்டான்! கணவாயின்ர காலைப் பிடிச்சபடி கிடக்கிறான்.”

“எந்தக் கால் அப்பா?” என்றேன்.

“எட்டில ஒண்டு. அதை ஆர் பாத்தது!”

ஐந்து கிழமை கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான். கணவாயும் வந்தது. அன்றைக்குத்தான் குசினியில் வைத்துச் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “மிச்சம் பதினாறையும் நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன்.”

“அப்ப ஏன் சித்தி அதை அவிழ்த்துத் திருப்பிப் பின்னேல்லை?”

“ஒருக்கா அவிழ்த்தது காணும், பிள்ளை,” என்று சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினார்.

அவர் எதையும் அவிழ்த்ததை நான் பார்க்கவில்லை. ஏதோ மாறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். தப்பிவிட்ட சந்தோசத்தில் தம்பியைப் பார்க்க ஓடினேன்.

பல வருடங்கள் போய், என் மகளுக்குச் சின்னதாகிப்போன பின்னல் சட்டை ஒன்றை வேறெதுக்காவது உதவட்டும் என்று அவிழ்த்தேன். நூல் நெளிநெளியாக வந்து மடியில் விழுந்தது. என் கை நின்றுவிட்டது. புது நூல் அப்படி இருக்காது. ஏற்கெனவே வேறொன்றாகப் பின்னப்பட்டிருந்த நூல்தான் அப்படி வரும்.

அம்மாவுக்குப் போன் எடுத்து, கணவாய்க்காகச் சித்தி எதை அவிழ்த்தார் என்று கேட்டேன்.

“அவளின்ர பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட இருக்கேல்லை. அதுக்கெண்டு பின்னின சட்டை. உனக்கு இப்பதானோ விளங்கினது?”

தம்பி இப்போது கல்கிசையில் இருந்து வேலைக்குப் போய் வருகிறான். கணவாய் அவன் அலுமாரியில் இருக்கிறது. சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

வாசித்தவர்கள் விரும்பினால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொல்லும்போது, தம்பி பிடித்தது அந்தக் குட்டைக் காலைத்தான் என்று அழகுக்காகச் சேர்க்க வேண்டாம், அது யாருக்கும் தெரியாது. என்மேல் இரக்கப்பட்டு முப்பத்து நான்கை ஐம்பதாக்கவும் வேண்டாம். சித்தி அதை அவிழ்க்காமல் விட்டார். நீங்களும் அப்படியே விடுங்கள்.