என் சாவை என்னைக் கேட்காமலே சொன்னார்கள்

எங்கள் தெய்வம் அம்மாளாச்சியை நம்பி இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். நன்றி சொல்ல வந்தவளுக்குக் கோபம் எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.

எண்பத்திரண்டாம் ஆண்டு, சிறுபோக நெல்லை அறுக்கிற அருவி வெட்டு முடிந்த நேரம். எனக்கு நாற்பது வயது. கணவர் இறந்த பிறகு மகளோடு வட்டக்கச்சியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டதாம். அதை மாற்றாவிட்டால் அதிக காலம் இருக்கமாட்டேனாம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றிலிருந்து வீட்டில் என்னை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே! நோயாளி தானே எழும்பி ஒரு வேலை செய்தால் சுற்றியிருப்பவர்களுக்கு மானக்கேடு. குளிக்கத் தண்ணீர் வார்ப்பார்கள், சோற்றைக் குழைத்துக் கையில் தருவார்கள். அண்ணன் வயலுக்குப் போன பிறகு நான் மெல்லக் கிணற்றடிக்குப் போவேன். மூச்சு வாங்கும். கிணற்றுக் கட்டின்மேல் இருந்து ஆறிவிட்டுத் தண்ணீர் அள்ளுவேன். குசினியில் உலை வைப்பேன். அவர் வருவதற்குள் போய்ப் படுத்துவிடுவேன். அண்ணியின் சமையல் என்றுதான் அவர் நினைப்பார்.

கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வால்வு மாற்றலாமா என்று பார்த்துச் சொல்கிற டொக்டரின் அறை வாசலில் அண்ணனும் கூட வந்த மச்சானும் என்னைக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள்.

“விடுங்கோ அண்ணை, நான் நடப்பன்.”

“சும்மா இரு.”

டொக்டர் கதிரையில் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். கேள்வியை அண்ணனிடம் கேட்டார்.

“வீட்டிலை தானா எழும்பி நடக்கிறவாவோ? ஏதும் வேலை செய்யிறவாவோ?”

“சீச்சீ! நாங்கள் ஒண்டும் செய்ய விடுறேல்லை டொக்டர். சோறும் குழைச்சுத்தான் குடுக்கிறம்.”

அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை! டொக்டர் தலையை ஆட்டினார்.

“நெஞ்சைத் திறந்து செய்யிற ஒப்பரேஷன். இவ்வளவு பலவீனமான உடம்பு தாங்காது. வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ.”

என் சாவைத்தான் சொல்கிறார்கள். அதையும் என் தலைக்கு மேலால் கதைத்து முடிக்கிறார்கள்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஆனால் வாய் வரவில்லை. ஆம்பிளையள் கதைக்கிற இடத்தில் பொம்பிளை வாய் திறக்கக்கூடாது என்று வளர்த்த வளர்ப்பு. கண்ணை மூடினேன். ‘அம்மாளாச்சி, பார்த்துக்கொண்டா இருக்கிறாய்? என் பிள்ளையை அநாதையாக்கப் போகிறாயா? எனக்கு வாயைத் தா!’ அதைக் கும்பிடுதல் என்று சொல்ல ஏலாது. சண்டை பிடித்தேன்.

வாய் திறந்தது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

“டொக்டர், அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. அவர் வயலுக்குப் போனாப் பிறகு நான்தான் தண்ணி அள்ளுறனான், சமைக்கிறனான். என்னைக் கேளுங்கோ!”

“வாயை மூடடி!” என்றார் அண்ணன்.

டொக்டர் அவரைக் கையால் மறித்தார். “அம்மா, கையை ஊண்டாமல் எழும்புங்கோ பாப்பம்.”

எழும்பினேன். கதவு வரைக்கும் நடக்கச் சொன்னார். நடந்தேன். மூச்சு வாங்கியது. நின்று ஆறித் திரும்பி வந்தேன். பிறகு தன் கையைத் தந்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இருந்த ஆத்திரம் முழுவதையும் அந்தப் பிடியில் காட்டினேன்.

“ஐயோ, விடுங்கோ அம்மா!” என்று சிரித்தார். “மூச்சு வாங்கிறது வால்வாலை. உடம்பிலை பலம் இருக்கு. செய்வம்.”

செய்தார்கள். பிழைத்தேன். கண் விழித்ததும் அம்மாளாச்சியின் பெயரைத்தான் சொன்னேனாம். அண்ணன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அவர் கெட்டவரில்லை, என்மேல் உயிர். ஆனால் அந்த உயிர்ப்பாசம் என்னைக் கொல்லப் பார்த்ததே!

இப்போது மகள் பெரிய வகுப்பில் படிக்கிறாள். போன பொங்கலுக்கு நானே பானை சுமந்து கோயிலுக்குப் போனேன். இன்றைக்கும் ஊரில் யாராவது நோயில் படுத்தால், சுற்றி நின்று அவரைப் பற்றித் தங்களுக்குள் கதைக்கிறார்கள். இரத்தம் கொதிக்கிறது எனக்கு. ஏலுமோ ஏலாதோ என்று அவரையே கேளுங்களேன்!

படுத்திருக்கிறவர்களே, நீங்கள் அம்மாளாச்சியைக் கேளுங்கள். அழுது கேட்க முடியாவிட்டால் கோபித்துக்கொண்டு கேளுங்கள். அவள் குறை நினைக்கமாட்டாள். என் சண்டைக்கு எழும்பி வந்தவள் உங்கள் சண்டைக்கும் வருவாள்.