தீராத பாட்டில்

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவனுடைய சட்டைப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கர்மம், வேறு வழியில்லை. பல் உடைந்த சீப்பு ஒன்று, அதில் அவன் முடியும் குதிரை முடியும் கலந்து சிக்கியிருக்கும். பக்கத்தில் வேர்வையில் பிசுபிசுத்த சர்க்கரைக் கட்டிகள். இவற்றுக்கு நடுவே, தலைகீழாகக் கிடக்கும் ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில்.

குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் பள்ளியொன்றில் இருபத்திரண்டு வருஷமாக அவன் தலைமைப் பராமரிப்பாளன். பதினெட்டுக் குதிரைகள் அவன் பொறுப்பு. அங்கே யாருக்கும் அவன் பெயர் தெரியாது. ‘சொட்டு’ என்றால்தான் தெரியும். குதிரைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் சொட்டு வருவான். காவலாளிக்குக் கண் சிவந்தாலும் சொட்டுதான், முதலாளி வீட்டு நாய்க்கும் சொட்டுதான். தூசி விழுந்தால் தன் கண்ணிலும் இரண்டு விட்டுக்கொள்வான். எல்லாம் அந்த ஒரே பாட்டில். ஒரு கண் முடிந்ததும் அதன் முனையைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு அடுத்த கண். அந்தச் சட்டை நுனியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மூன்று நாளைக்குச் சோறு இறங்காது.

இதை விடக் கண்றாவி ஒன்று உண்டு. அந்த பாட்டில் தீரவே தீராது. பாதிக்குக் கீழே இறங்கினால் அவன் நிரப்பிவிடுவான். டாக்டர் ஒரு குதிரைக்கு ஏழு நாள் மருந்து எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாள் கண் திறந்ததும் இவன் நிறுத்திவிடுவான். மிச்சம் அந்த பாட்டிலுக்குள் போகும். இன்னொரு குதிரையின் மிச்சமும் போகும். காவலாளியின் மனைவிக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த மருந்தின் மிச்சமும் போனது. எந்த மருந்து எதோடு சேரும், எது எதைக் கெடுக்கும் என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டால் சிரிப்பான்.

“எல்லா பவரும் ஒண்ணா சேருதுல்ல? கண்ணு தொறந்த பிறகும் ஊத்திக்கிட்டே இருக்க, மருந்து என்ன குழாய்த் தண்ணியா?”

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால்நடை ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை. சீழையும் சளியையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து அனுப்புவார்கள். அதைத் தட்டில் தடவி கிருமியை வளர்த்து, மேலே மருந்து தோய்த்த வட்டக் காகிதங்களை வைப்பது என் வேலை. எந்த மருந்து கொல்கிறதோ அந்தக் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் விழும். வளையம் இல்லையென்றால் அந்த மருந்து வீண். பத்து வருஷத்துக்கு முன்னால் தட்டு முழுக்க வளையங்களாக இருக்கும். இப்போது தேட வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட எனக்கு இப்படி ஓர் அண்ணன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கே நெஞ்சு உறுத்தும். குதிரையின் கண்ணில் மருந்து விடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மற்ற இடங்களில் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கி இரண்டு பேர் பிடிப்பார்கள். அண்ணன் ஒரு குதிரையைக்கூட அப்படித் தொட்டதில்லை. பாட்டில் மூடியைக் கட்டைவிரலால் நெம்புவான், ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். குதிரை தானாகத் தலையைத் தாழ்த்திக் கண்ணைக் காட்டும். சொட்டு விழுந்ததும் ஒரு சர்க்கரைக் கட்டி. ஒரு ‘டப்’புக்கு அந்த வரிசையில் நிற்கிற பதினெட்டுத் தலைகளும் தாழ்வதை நான் பார்த்திருக்கிறேன். குதிரைகளைப் பார்க்க வரும் டாக்டரே அசந்துபோய், “உங்க அண்ணன் கைராசிக்காரர்மா” என்றார். அந்தக் கையை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

அவற்றில் சாம்பல் என்ற பெட்டைக் குதிரை அவனுக்கு உயிர். பள்ளிக்கு வரும் குழந்தைகள் முதன்முதலில் ஏறுவது அதன் முதுகில்தான். சின்ன வயதில் இன்னொரு குதிரை உதைத்ததில் அதன் இடது கண் போய்விட்டது. வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. முதலாளி அப்போதே கறாராகச் சொல்லியிருந்தார். “இன்னொரு கண்ணு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். அதுவும் போச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது.”

அந்த வலது கண் ஒருநாள் காலையில் மூடிக்கொண்டது. அண்ணன் தன் பாட்டிலை நான்கு நாள் விட்டான். முதல் நாளே சிவப்பு குறைந்ததாம், பெருமை பிடிபடவில்லை. குறையாமல் என்ன செய்யும்? காவலாளி மனைவியின் மருந்தில் சிவப்பை அடக்கும் சரக்கு இருந்தது. கண்ணில் புண் இருக்கும்போது அதை விட்டால் வெளியே சிவப்பு அடங்கும், உள்ளே புண் கொழிக்கும். ஐந்தாம் நாள் கருவிழி வெளுத்து, வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகி, பச்சை மஞ்சளாக வடிய ஆரம்பித்தது. அப்புறம்தான் டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் குச்சியில் எடுத்து எனக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் தட்டைத் திறந்தேன். பச்சைப் பாசி படர்ந்த மாதிரி வளர்ந்திருந்தது, அழுகிய பழத்தின் தித்திப்பு வாசனை வேறு. பத்துக் காகிதங்களில் ஒன்பதைக் கிருமி ஏறி மிதித்துக்கொண்டு போயிருந்தது. பத்தாவதைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவு ஒரு வளையம். டாக்டருக்குப் போன் செய்தேன். “ஒண்ணாவது கேக்குதே” என்று அந்த மருந்தை மணிக்கொரு தரம் விடச் சொன்னார். அண்ணன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, சாப்பாட்டைக்கூட அங்கேயே வரவழைத்து, ஒரு மணி தவறாமல் விட்டான். இரண்டு நாளில் வடிவது நின்றது. சாம்பல் கண்ணைக் கீற்றாகத் திறந்தது.

“பாப்பா, என்னைப் பாத்துச்சு!” என்று போனில் கத்தினான்.

அடுத்த இரண்டு நாளில் கண் மறுபடி உருகத் தொடங்கியது. ஏனென்று புரியாமல் வேலை முடிந்த கையோடு லாயத்துக்கு ஓடினேன். நான் போய் நிற்கிறேன், அண்ணன் டாக்டரின் மருந்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, சட்டைப் பைக்குள் கையை விடுகிறான். ‘டப்’. சாம்பல் தலையைத் தாழ்த்தியது.

“அடப்பாவி! என்ன பண்ற நீ?”

“கத்தாத, குதிரை பயப்படும். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. கூடக் கொஞ்சம் பலமா இருக்கட்டும்னு…”

பாட்டிலைப் பிடுங்கினேன். முனையைச் சுற்றிப் பழுப்புப் பொருக்கு, அதில் ஒட்டிய மயிர். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நூல் நூலாக ஏதோ மிதந்தது. சீ! கையைக் கழுவினால் போதாது, கழற்றி வைத்துவிடலாம் போலிருந்தது.

“இது மருந்து இல்ல, சாக்கடை! இதைப் போய்க் கண்ணுல விடுறியே, நீயெல்லாம் மனுஷனா?”

அவன் முகம் சிறுத்தது. “உன் பொண்ணுக்குக் கண்ணு ஒட்டிக்கிட்டப்ப இதைத்தானே விட்டேன்? அப்ப கைராசின்னு சொன்னியே. அவளுக்கு வாங்கின மருந்துல மிச்சத்தை நீதானே கொண்டாந்து குடுத்த, வீணாப் போகக்கூடாதுன்னு?”

உண்மைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. படித்தவள், தட்டு வைக்கிறவள், என் கையால் கொடுத்தேன். அந்தச் சாக்கடையில் என் வீட்டுத் தண்ணீரும் ஓடுகிறது. இத்தனை நாளும் அவனைப் பார்த்து மூக்கைப் பொத்தியவள்தான் நான், வாயைத் திறந்து ஒரு தடவை தடுத்ததில்லை. நல்லபடியாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன். த்தூ!

“வேணும்னா நீயே டெஸ்ட் பண்ணிப் பாரு, அதோட பவர் தெரியும்” என்றான், விடாமல்.

பார்த்தேன். மூன்று நாள் கழித்து இரண்டு தட்டுகளைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வெளியே கொண்டுபோகக் கூடாதுதான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு அவன் முன்னால் வைத்தேன்.

“ஒண்ணு சாம்பல் கண்ணுல எடுத்தது. இன்னொண்ணு உன் மருந்துல எடுத்தது. எது எதுன்னு நீயே சொல்லு.”

குனிந்து பார்த்தான். இரண்டிலும் அதே பச்சை, அதே ஒன்பது வெற்றுக் காகிதங்கள், அதே நகக்கண் வளையம். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தான். வாளியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். பிறகு கேட்டான்.

“மருந்துக்குள்ளயே எப்படிப் பொழைக்கும் பாப்பா?”

“நீ தின்னக் குடுத்துப் பழக்கியிருக்க. கொஞ்சங் கொஞ்சமா எல்லா மருந்தையும் காட்டி, எதுலயும் சாகாம வளத்து வெச்சிருக்க. அதைத்தான் தெனமும் அது கண்ணுல மறுபடி மறுபடி விட்ட.”

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. பையிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, அவற்றையும் என் பைக்குள் போட்டான். “தட்டோட சேத்து இதையும் எரிச்சுடு” என்றான்.

அதற்குள் சாம்பலின் கருவிழி பொத்துக்கொண்டுவிட்டது. டாக்டர் கண்ணை எடுத்துவிட்டு இமையைச் சேர்த்துத் தைத்தார். குதிரையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு கடைசி வரை அண்ணன்தான் உட்கார்ந்திருந்தான். முதலாளி தையல் காயக்கூடக் காத்திருக்கவில்லை. எங்கே அனுப்புகிறார் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தைரியமில்லை. “கண்ணு தெரியாத குதிரைய வெச்சு நான் என்ன செய்யட்டும்? லாரி சனிக்கிழமை வரும்” என்றதோடு சரி. அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லாரி வாசலில் வந்து நின்றது. அண்ணன் சாம்பலின் உடம்பைத் தேய்த்துவிட்டு, பிடரியைச் சீவி முடித்திருந்தான். தையலோரம் காய்ந்திருந்த கசிவைத் துடைக்கப் புதுத்துணி ஒன்றை எடுத்தான். சுத்தமான துணி, உறை பிரிக்காதது. அதை நனைக்கத் தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கட்டைவிரலால் நெம்பினான்.

‘டப்’.

சாம்பல் தலையைத் தாழ்த்தியது. தைத்து மூடிய பக்கத்தை அவன் கைக்கு நேராகத் திருப்பிக் காட்டிவிட்டு, அசையாமல் நின்றது. அதற்கப்பால் வரிசையில் நின்ற பதினேழு தலைகளும் தாழ்ந்தன. லாரிக்காரன் வெளியிலிருந்து ஹாரன் அடித்தான். சாம்பல் அதற்கும் அசையவில்லை, சர்க்கரைக் கட்டிக்காக உதட்டை மட்டும் நீட்டித் துழாவியது. அண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போயிற்று. அதில் ஒன்றும் இல்லை. மூடினால் மறுபடி அந்தச் சத்தம் வரும் என்று பயந்து, திறந்த பாட்டிலைப் பிடித்தபடியே நின்றான்.